வில்சன் நோயும் மனசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு வில்சன் நோய். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்னால் இரண்டு வருடம் அவனை மனநோயாளி என்றே எல்லோரும் நடத்தினோம், நான் உட்பட. அதற்குப் பிறகு பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று இந்தக் கரையில் எந்த வீட்டில் இந்த நோயின் பெயர் காதில் விழுந்தாலும், யார் மூலமாவது என் நம்பரை வாங்கிக் கூப்பிடுகிறார்கள். ஈரலைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, அதை டாக்டரே விளக்கிவிடுகிறார். "இவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான், பழைய புத்தி திரும்புமா" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வில்சன் நோய் என்றால் என்ன?

நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறது. உடம்புக்கு அது துளியளவு வேண்டும். மீதியைக் கல்லீரல் பித்தத்தோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். அந்த வேலையைச் செய்யச் சொல்லும் மரபணுவின் பெயர் ஏடிபி7பி. அப்பாவிடமிருந்து வந்த பிரதி, அம்மாவிடமிருந்து வந்த பிரதி இரண்டுமே பழுதாக இருந்தால் செம்பு வெளியேறாது. முதலில் ஈரலில் தங்கும். அங்கே இடம் போதாமல் ரத்தத்தில் கலந்து மூளையிலும் கண்ணிலும் போய்ப் படியும்.

பிறக்கும்போதே இருக்கும் கோளாறுதான். ஆனால் வெளியே தெரிவது பெரும்பாலும் 5 வயதுக்கும் 35 வயதுக்கும் நடுவில். ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. லண்டனில் நரம்பு மருத்துவராக இருந்த வில்சன் என்பவர் 1912-இல் இதை விரிவாக எழுதினார். மரபணுவைக் கண்டுபிடித்தது 1993-இல். பரம்பரை நோய்களில் மருந்து இருப்பவை கொஞ்சம்தான். அதில் இது ஒன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போனில் பேசுகிறவர்கள் அழுதுகொண்டேதான் ஆரம்பிக்கிறார்கள்.

அப்படியென்றால் இது ஈரல் நோயா, நரம்பு நோயா, மனநோயா?

மூன்று வாசல் வழியாகவும் வரும். ஒருவருக்கு மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், ரத்த வாந்தி என்று ஈரல் வழியாக. இன்னொருவருக்குக் கை நடுக்கம், வாய் குழறல், எச்சில் வடிதல், உடம்பு முறுக்கிக்கொள்வது என்று நரம்பு வழியாக. சிலருக்கு இவை எதுவும் வருவதற்கு மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் முன்பே குணம் மாறிவிடும். வில்சன் தான் பார்த்த நோயாளிகளில் பலருக்கு மனமாற்றம் இருந்ததை 1912-லேயே குறித்து வைத்திருக்கிறார். ஆனாலும் இந்த மூன்றாவது வாசலைத்தான் இன்றைக்கும் கடைசியாகப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு நோய் வந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

மனசில் என்ன மாதிரி மாற்றம் வரும்?

அதிகம் வருவது எரிச்சலும் கோபமும். சாது என்று பெயர் வாங்கிய பிள்ளை தட்டைத் தூக்கி எறியும். அடுத்தது மனச்சோர்வு: பேச்சு குறையும், தூக்கம் கெடும், கூட்டாளிகளை விட்டு விலகும். சிலருக்குக் கூச்சம் போய்விடும். பெரியவர் முன்னால் சொல்லக் கூடாததைச் சொல்வார்கள், கையில் இருக்கும் பணத்தைக் கணக்கில்லாமல் செலவழிப்பார்கள். இன்னும் சிலருக்குப் படபடப்பு. அரிதாகச் சந்தேகம், காதில் குரல் கேட்பது, யாரோ தனக்குச் செய்வினை வைத்துவிட்டதாக நம்புவது.

என் தம்பி அப்போது பிளஸ் ஒன். மனப்பாடம் செய்வதில் கெட்டிக்காரன். முதலில் மாறியது அவன் கையெழுத்து. ஜூன் மாதத்து நோட்டில் எழுத்துகள் கோட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தீபாவளி வாக்கில் எழுதிய பக்கத்தில் 'ழ' கோட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது, 'கொ' எழுதும்போது கொம்பு ஓர் இடத்திலும் துணைக்கால் ஓர் இடத்திலும் நிற்கிறது. பொங்கலுக்கு அப்புறம் பக்கங்கள் காலி. அந்த நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அப்போது நான் அதைப் பார்த்துவிட்டு, "திமிரு, எழுதுறதுக்கு உடம்பு வணங்கல" என்றேன். அம்மா மட்டும், "இவன் என் பிள்ளை மாதிரியே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா சொன்னதுதான் சரியான அறிகுறி. ஒரு பிள்ளை சில மாதத்துக்குள் வேறு ஆளாகிவிட்டால், ஏதோ நடந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோயில் முகத்துத் தசை இறுகி, வாய் திறந்தபடி இளிப்பது போலவே இருக்கலாம். சிரிப்பும் அழுகையும் சம்பந்தமில்லாத நேரத்தில் பொத்துக்கொண்டு வருவதும் உண்டு. சித்தப்பா இறந்தபோது கேத வீட்டில் என் தம்பி சிரித்தான். நிறுத்த முடியாமல் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. சொந்தக்காரர்கள் அவனை வெளியே இழுத்துப் போனார்கள், ஒருவர் அறைந்தார். "எனக்குச் சிரிப்பு வரலக்கா, வாய்தான் சிரிச்சது" என்று அன்று ராத்திரி என்னிடம் சொன்னான். மூளைக்குள் உணர்ச்சியையும் முகத்தையும் இணைக்கும் இடம் பழுதானால் இப்படித்தான் நடக்கும் என்று நரம்பு மருத்துவர் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

புத்தி மங்கிவிடுமா? படிப்பு என்ன ஆகும்?

ஈரலை மட்டும் பாதித்திருந்தால் பெரும்பாலும் யோசனையில் பெரிய குறை தெரியாது. மூளையைத் தொட்டிருந்தால் தெரியும். ஆனால் என்ன குறைகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

செம்பு அதிகமாகப் படிவது மூளையின் அடியாழத்தில் இருக்கும் நரம்பணுத் திரள்களில். உடம்பின் அசைவைச் சீராக்கும் இடம் அது. நெற்றிப் பக்க மூளையோடு சேர்ந்து திட்டமிடுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, பாய்கிற கையை நிறுத்தி வைப்பது எல்லாவற்றுக்கும் அதுவே உதவுகிறது. அதனால் படித்தது மறந்துபோவதில்லை. மொழி போவதில்லை, ஆட்களைத் தெரியாமல் போவதில்லை. வேகம்தான் போகிறது. கேள்வி கேட்டால் பதில் உள்ளே இருக்கும், வெளியே வர நேரமாகும். இரண்டு வேலையை ஒன்றாகச் சொன்னால் ஒன்று விழுந்துவிடும். கடைக்குப் போய் நாலு சாமான் வாங்கச் சொன்னால் இரண்டோடு வருவான். அவன் முட்டாள் இல்லை. நாலையும் கையில் பிடித்து வைத்திருக்கும் இடம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வாய் குழறுவதால் இந்த விஷயம் இன்னும் மோசமாகத் தெரியும். பேச்சு தெளிவில்லாதவரைப் புத்தி இல்லாதவர் என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. என் தம்பியிடம் ஒரு வாத்தியார் ஐந்து வயதுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினார். அவன் அன்றோடு பள்ளிக்கூடம் போகவில்லை.

எங்களுக்கு உதவியவை சின்னச் சின்ன காரியங்கள்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலை. சொன்ன பிறகு பத்து எண்ணும் வரை காத்திருப்பது, நடுவில் அவனுக்காகப் பதில் சொல்லாமல் இருப்பது. சுவரில் ஒரு கரும்பலகை, அதில் அன்றைய வேலைகள். மாத்திரைக்குச் செல்போன் அலாரம். பரீட்சைக்கு மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் சொல்வதை எழுத ஓர் ஆளும் கூடுதல் நேரமும் கேட்டு வாங்கலாம். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், நாங்கள் வெட்கப்பட்டு ஒரு வருடத்தை விட்டோம். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் மூளையும் தேறும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல், ஒன்று இரண்டு வருடம் வரை மெல்ல மெல்லத் தேறும்.

திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால்?

அது வேறு விஷயம், அவசரம். ஈரல் கெட்டுப்போனவர்களுக்கு ரத்தத்திலுள்ள நச்சு மூளைக்கு ஏறும். பகலில் தூக்கம், ராத்திரியில் விழிப்பு, பேச்சில் உளறல், கையை நீட்டச் சொன்னால் பறவை சிறகடிப்பது போல் படபடப்பது. மலச்சிக்கல், காய்ச்சல், வயிற்றில் ரத்தக்கசிவு இவற்றால் இது கிளம்பும். மனநிலை சரியில்லை என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள். ஏர்வாடிக்குக் கூட்டிப் போகலாமா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. இந்துக்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள், ஏனென்றால் ஏர்வாடி தர்காவுக்கு எல்லோரும் போகிறோம். நாங்களும் போனோம். அம்மா அங்கே நாற்பது நாள் தங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கே போவதென்று தெரியாத தாய்க்கு உட்கார ஓர் இடமும், பக்கத்தில் அதே துயரத்தோடு இன்னொரு தாயும் அங்கே கிடைத்தார்கள். கீழக்கரையிலிருந்து மகனோடு வந்திருந்த ஓர் உம்மா தன் சோற்றில் பாதியை என் தம்பிக்குக் கொடுத்தார்.

ஆனால் துஆ கேட்கும் வேளையிலும் செம்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். இந்த நோயில் தாமதம் என்பது மூளை. அதனால் நான் சொல்வது இதுதான்: வேண்டுதலை விட வேண்டாம், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவர்கள் மருந்து கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அந்த மருத்துவரிடம், "கை நடுங்குகிறது, காமாலை வந்திருக்கிறது, வில்சனாக இருக்குமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சங்கிலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் வயதில் பெரியவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்திருக்கிறது. வீட்டில் தூணோடு கட்டி வைப்பதற்கும் மனசு வராதிருக்கட்டும். வில்சன் நோயில் உடம்பு தானே முறுக்கும், கட்டினால் கை கால் புண்ணாகும்.

மனநோய் என்று வந்த எல்லோருக்கும் வில்சன் பரிசோதனை தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. இள வயதில் குணமோ மனநிலையோ மாறி, கூடவே கை நடுக்கம், பேச்சுக் குழறல், எச்சில், கையெழுத்து கெடுவது, எப்போதாவது வந்துபோன காமாலை, இரத்தச் சோகை இவற்றில் ஒன்றாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். மனநோய் மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்ததுமே உடம்பு கட்டை போல் விறைத்துப் போனாலும் கேளுங்கள். குடும்பத்தில் இள வயதில் யாராவது ஈரல் கெட்டு இறந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். "குடிக்கவே மாட்டான், ஈரல் கெட்டுச் செத்தான்" என்று ஒரு மாமாவைப் பற்றிப் பல வீடுகளில் கதை இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது.

என்ன பரிசோதனை?

எளிதானது கண். கருவிழியின் ஓரத்தில் பொன்னிறமும் பழுப்பும் கலந்த ஒரு வளையம் இருக்கும், கெய்சர் ஃபிளைஷர் வளையம் என்பார்கள். கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்க வேண்டும், வெறுங்கண்ணுக்குப் பல நேரம் தெரியாது. மூளை பாதித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். ஈரல் மட்டும் பாதித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான். அப்புறம் ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு, மூளைக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனை. ஒரே ஒரு முடிவை வைத்து இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட முடியாது, சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

24 மணி நேரச் சிறுநீரில் ஒருவேளை விட்டுப்போனாலும் கணக்குத் தப்பிவிடும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை எல்லாவற்றையும் அவர்கள் கொடுத்த கேனில் பிடிக்க வேண்டும். உலோகப் பாத்திரத்தில் பிடித்து ஊற்றாதீர்கள்.

எங்கே பார்ப்பது? ராமநாதபுரத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்தார்கள். அங்கே தொடங்கி, தேவைப்பட்டால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம். பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்புக்குமான நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இந்த நோய்க்காரர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறார்கள்.

மாத்திரை ஆரம்பித்ததும் நிலைமை மோசமாகிவிட்டதே?

நடக்கக்கூடியதுதான். பெனிசிலமைன் என்ற மருந்து 1956-இலிருந்து இந்த நோய்க்குப் பயன்படுகிறது. அது ஈரலில் தங்கிய செம்பைக் கிளப்பிச் சிறுநீரில் தள்ளும். கிளம்பிய செம்பு கொஞ்சம் மூளைக்கும் போகலாம் என்பதால், நரம்பு பாதித்தவர்களில் சிலருக்கு முதல் வாரங்களில் நடுக்கமும் குழறலும் கூடும். கோபமும் அழுகையும்கூடக் கூடலாம். அதனால்தான் டாக்டர்கள் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். சிலருக்கு டிரையன்டைன் அல்லது துத்தநாக மாத்திரைக்கு மாற்றுவார்கள். துத்தநாகம் குடலிலேயே செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே விடாது.

மோசமானால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த நோயில் நான் பார்த்த சாவுகளில் மனசை அதிகம் வதைத்தது, நன்றாகத் தேறிய ஒரு பெண் "எனக்குத்தான் சரியாகிவிட்டதே" என்று மாத்திரையை விட்டது. சில மாதத்தில் ஈரல் முழுசாக நின்றுபோனது. மாத்திரை வாழ்நாள் முழுக்க. ஈரல் மாற்று அறுவை செய்தவர்களுக்கு மட்டும்தான் செம்பை இறக்கும் மருந்து வேண்டியிருக்காது.

பெனிசிலமைன் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி6 மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் பின்னால் சாப்பிட வேண்டும். ரத்தமும் சிறுநீரும் தவறாமல் சோதிக்கச் சொல்வார்கள், அதையும் விடாதீர்கள்.

மனசுக்குத் தனியாக மாத்திரை வேண்டுமா? செம்பு இறங்கினால் போதாதா?

பலருக்குச் செம்பு இறங்க இறங்க மனசும் தேறிவரும். ஆனால் அதற்கு மாதக்கணக்காகும், அதுவரை ஒரு மனுஷன் துன்பத்தில் கிடக்க வேண்டியதில்லை. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மருந்து கொடுக்கலாம், கொடுக்கிறார்கள். எதைக் கொடுப்பது என்பதில்தான் கவனம். ஹாலோபெரிடால் போன்ற பழைய மனநோய் மருந்துகள் இவர்களுக்கு உடம்பை இன்னும் விறைக்க வைக்கும். குவெட்டியாபின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தருவார்கள். வலிப்புக்கும் மனநிலைக்கும் தரும் வால்ப்ரோயேட் ஈரலைத் தொடும் என்பதால் யோசித்துத்தான் தருவார்கள். மனநல மருத்துவரும் ஈரல் அல்லது நரம்பு மருத்துவரும் ஒருவர் தரும் மருந்தை இன்னொருவர் தெரிந்து வைத்துப் பார்ப்பது அவசியம். எங்கள் வீட்டில் இரண்டு சீட்டுகளையும் ஒரே பையில் வைத்து இரண்டு இடத்திலும் காட்டுகிறோம்.

அதோடு, எல்லாத் துயரமும் செம்பால் வந்ததில்லை. பதினேழு வயதில் பேச்சு போய், பள்ளிக்கூடம் போய், கூட்டாளிகள் ஒதுங்கிப் போனால் யாருக்குத்தான் மனசு உடையாது? அதற்கு மாத்திரை பாதி, ஆள் பாதி. என் தம்பிக்கு வாரத்தில் ஒருநாள் மாலை வந்து கடற்கரையில் உட்கார்ந்து கால்பந்துக் கதை பேசிய ஒரே ஒரு பையன் இருந்தான். அவன் செய்ததை எந்த டாக்டரும் செய்யவில்லை.

நண்டு, கணவாய், இறால் சாப்பிடலாமா?

இந்தக் கரையில் இதைவிடக் கடினமான கேள்வி இல்லை. முதல் ஒரு வருடமாவது வேண்டாம். அதற்குப் பிறகும் டாக்டரைக் கேட்டுத்தான்.

ஏன் என்று எனக்கு அம்மா நண்டு உடைக்கும்போதுதான் புரிந்தது. நீலக்கால் நண்டின் காலைத் திருகினால் வழிகிற தண்ணீர் போன்ற ரத்தம், தட்டில் கொஞ்ச நேரம் காற்றுப் பட்டால் லேசாக நீலம் பாய்கிறது. நம் ரத்தத்தில் இரும்பு இருப்பதால் சிவப்பு. நண்டுக்கும் இறாலுக்கும் கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் அந்த இடத்தில் செம்பு இருப்பதால் நீலம். சங்குச் சதையையும் சிப்பியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஆட்டு ஈரலும் கூடாது. சாக்லேட், முந்திரி, காளான் குறைக்க வேண்டும்.

மீன் சாப்பிடலாம். சீலா, பாறை, நெத்திலி, சாளை எதுவும் தடையில்லை. இதைச் சொன்னதும் போனில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லதென்று இப்போது எல்லோரும் வாங்கி வைக்கிறார்கள். இந்த நோய் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அது வேண்டாம். எங்கள் ஆச்சி கொண்டுவந்த சீர் குடம் பரண் மேல் ஏறிவிட்டது. ஆச்சிக்கு வருத்தம்தான். எவர்சில்வரும் மண்பானையும் போதும். ஆனால் ஒன்று, சாப்பாட்டுக் கட்டுப்பாடு மாத்திரைக்கு ஈடாகாது. நண்டை விட்டுவிட்டோம் என்று மாத்திரையை விட்டவர்களும் இருக்கிறார்கள்.

கடலுக்குப் போகிறவர் மாத்திரை நேரத்தை எப்படிக் காப்பாற்றுவது? தடைக்காலத்தில் பணம் இல்லையே?

இரண்டும் ஒரே கேள்விதான், மாத்திரை எங்கே அறுந்துபோகிறது என்று. படகில் வெறும்வயிற்று நேரம் என்று ஒன்று இருக்கும், வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை ஈரம் போகாத மூடி போட்ட டப்பாவில் வைத்து, கூடப் போகும் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். நடுக்கம் இருக்கும்வரை ஆழத்துக்குப் போக வேண்டாம். தளத்தில் கால் தடுமாறினால் என்ன ஆகும் என்று நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கையில் காசு இருக்காது, மாத்திரை வாங்குவது தள்ளிப்போகும். ஒவ்வொரு வருடமும் இந்த மாதங்களில்தான், "அண்ணன் மறுபடி ஒருமாதிரி ஆகிட்டான்" என்று போன் வருகிறது. பங்குனி மாதமே மூன்று மாதத்து மருந்தை வாங்கி வைக்கப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து வருமா, காப்பீட்டு அட்டையில் சேருமா என்று அங்குள்ள சமூகப் பணியாளரிடம் முன்பே கேளுங்கள்.

தம்பிக்கு இருந்தால் எனக்கும் இருக்குமா? சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?

அப்பா, அம்மா இருவரும் ஆளுக்கு ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவர்கள், அவர்களுக்கு நோய் இராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதனால் ஒருவருக்கு இருப்பது உறுதியானால் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சோதிக்க வேண்டும், நல்லா இருக்கிறேன் என்பவர்கள் உட்பட. அறிகுறி வருமுன் மருந்து தொடங்கினால் மூளையைத் தொடவிடாமலே காக்கலாம். நான் சோதித்தேன், எனக்கு இல்லை. என் கடைசித் தங்கைக்கு இருந்தது. பதினோரு வயதில் தொடங்கினாள், இன்றுவரை ஒரு நடுக்கம் இல்லை.

அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. எங்கள் அம்மாவும் அப்பாவும் அப்படித்தான். சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. நடந்துமுடிந்த கல்யாணத்துக்காக யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். இனிமேல் அதே குடும்பத்துக்குள் பேச்சு எடுப்பதாக இருந்தால் முதலில் மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.

கல்யாணம் செய்யலாமா? குழந்தை?

செய்யலாம். மறைத்துச் செய்யாதீர்கள், அவ்வளவுதான். கர்ப்பம் என்று தெரிந்ததும் சிலர் பயந்து மாத்திரையை நிறுத்துகிறார்கள். அது தாய்க்கு ஆபத்து. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

"செத்துப்போகிறேன்" என்கிறான். என்ன செய்வது?

சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். இந்த நோயில் தற்கொலை எண்ணம் சாதாரண மக்களைவிட அதிகம். கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைப் பட்டை, கயிறு எல்லாவற்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். முயற்சி செய்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றுதான் 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் வில்சன் நோய் என்று தனியாக இல்லை. ஆனால் அதனால் வந்த கை கால் குறை, பேச்சுக் குறை, மனநோய் இவற்றை வைத்து மதிப்பிடுவார்கள். 40 சதவீதம் வந்தால் பல சலுகைகள் உண்டு. தேறிய பிறகு போகாமல், பாதிப்பு இருக்கும்போதே ஆவணங்களோடு போங்கள்.

பார்த்துக்கொள்கிறவர்கள் களைத்துப்போனால்?

களைப்பார்கள். அம்மா ஒருநாள் பாசி எடுக்கப் போன இடத்தில் தண்ணீருக்குள் நின்றபடியே அழுதிருக்கிறார், கூட இருந்த பெண்கள் கரைக்கு இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் தம்பியை நான் பார்த்துக்கொண்டேன். பெரியம்மா வீட்டில் ஒரு நாள். "உதவி வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு மணி நேரம் கூட இருக்க முடியுமா" என்று கேட்டால் வருவார்கள். அவர்கள் மனசுக்கும் மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அவர்களும் ஒரு சீட்டு போடலாம்.

பழையபடி ஆவார்களா?

எவ்வளவு சீக்கிரம் தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது. சிலர் முழுசாகத் தேறுகிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். என் தம்பிக்குக் கோபம் ஒன்றரை வருடத்தில் போனது, சிரிப்பு அதற்கு முன்பே நின்றது. பேச்சில் இழுவை இன்னும் உண்டு, வேகமாகக் கணக்குப் போட முடியாது. இப்போது வலை பின்னுகிறான். முடிச்சு முடிச்சாகப் போகிற வேலை, ஒரு நேரத்தில் ஒன்று. காலையில் மாத்திரை போட்டுவிட்டு ஒரு மணி நேரம் வலையோடு உட்காருவான், அப்புறம்தான் சாப்பாடு. போன மாதம் கரும்பலகையில் அன்றைய வேலைகளை அவனே எழுதினான். 'கொ' வில் கொம்பும் துணைக்காலும் ஒட்டி நின்றன.